ஐந்து புள்ளியிலிருந்து ஃபடோர்டா வரை: சென்னையின் எஃப்சியும் பாதியில் வந்த கோச்சும்

கோச்சை மாற்றினால் அணி எழுந்துவிடும் என்று நம்புகிற எல்லாரும் கடைசியில் வந்து நிற்கிற உதாரணம் 2019-20 சீசனின் சென்னையின் எஃப்சி கால்பந்து அணிதான். நவம்பர் கடைசியில் ஜான் கிரெகரி போனார், டிசம்பர் தொடக்கத்தில் ஓவன் கோய்ல் வந்தார், மார்ச் 14 அன்று அணி ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) ஃபைனலில் நின்றது. கதை இவ்வளவு சுருக்கமாக இருப்பதால் அதை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. நான் பிரித்துப் பார்க்கிறேன், ஏனென்றால் அந்த சீசனின் ஸ்கோர்களை வரிசையாக எழுதிவைத்துப் பார்த்தால் தெரிவது வழக்கமாகச் சொல்லப்படும் கதை இல்லை.

முதலில் கிரெகரிக்கு நியாயம் செய்துவிடலாம். ஆஸ்டன் வில்லாவை 2000 இல் எஃப்ஏ கோப்பை ஃபைனலுக்குக் கொண்டுபோன மனிதர், 2017 இல் முந்தைய கோச் மட்டெராஸிக்குப் பிறகு சென்னைக்கு வந்தார். வந்த முதல் சீசனிலேயே கோப்பை. 2018 மார்ச்சில் பெங்களூரு கண்டீரவா மைதானத்தில், பெங்களூரு எஃப்சியை அவர்கள் ஊரிலேயே 3-2 என்று அடித்தது, மைல்சன் ஆல்வஸ் தலையால் முட்டிய இரண்டு கோல்கள், இதெல்லாம் சென்னை ரசிகர் யாரும் மறக்கிற விஷயம் இல்லை. ஆனால் அடுத்த சீசனில் அதே சாம்பியன் அணி 18 ஆட்டத்தில் 2 வெற்றி, 9 புள்ளி, கடைசி இடம். அப்போதே மாற்றியிருக்க வேண்டும் என்று பலர் சொன்னார்கள். கிளப் மாற்றவில்லை. 2019 சூப்பர் கோப்பையில் ஃபைனல் வரை போனது (கோவாவிடம் 2-1 தோல்வி) அவருக்குக் கொஞ்சம் மூச்சுவிட இடம் கொடுத்தது என்று நினைக்கிறேன்.

அந்தக் கோடையில் அணியைப் புதிதாகக் கட்டினார்கள். லித்துவேனியாவின் நெரியுஸ் வால்ஸ்கிஸ், பிரேசில்காரர் ரஃபேல் கிரிவெல்லாரோ, ருமேனியாவின் லூசியன் கோயான், டெல்லியிலிருந்து லாலியன்சுவாலா சாங்டே. பின்னால் கோய்ல் காலத்தில் நாம் கைதட்டிய ஆட்கள் கிட்டத்தட்ட எல்லாருமே கிரெகரி இருந்தபோதே வந்து சேர்ந்தவர்கள். கோய்லைப் புகழும்போது இதை வசதியாக மறந்துவிடுகிறோம்.

சரி, சீசன் தொடங்கியது. கோவாவில் 3-0 தோல்வி. மும்பையோடு சொந்த மண்ணில் 0-0. கொல்கத்தாவின் ஏடிகேயிடம் 1-0 தோல்வி. பெங்களூருவில் 3-0 தோல்வி. நான்கு ஆட்டம், ஒரு புள்ளி, ஒரு கோல்கூட இல்லை. பெரியமேடு நேரு ஸ்டேடியத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அது துரதிர்ஷ்டம் மட்டும் இல்லை. பந்து நம் காலில் இருக்கும், மிட்ஃபீல்டைத் தாண்டும், அப்புறம் என்ன செய்வது என்று யாருக்கும் தெரியாது. வால்ஸ்கிஸ் இரண்டு டிஃபெண்டர்களுக்கு நடுவில் தனியாக நிற்பார். கிரிவெல்லாரோ பந்தைக் கேட்டு நம் பாதிக்கே இறங்கி வருவார், அவர் இறங்கிவந்த பிறகு முன்னால் பந்து கொடுக்க ஆளே இருக்காது.

ஐந்தாவது ஆட்டம் ஹைதராபாத்தோடு. 90 நிமிடம் கோலே இல்லை, இஞ்சுரி டைமில் மூன்று கோல். நம் ஸ்கெம்ப்ரி அடித்தார், சீசனின் முதல் கோல். உடனே ஹைதராபாத்தின் கில்கேலன் சமன் செய்தார். உடனே வால்ஸ்கிஸ். 2-1. மைதானமே பைத்தியம் பிடித்த மாதிரி ஆனது, அடுத்த மூன்று நாளில் ஒடிசாவோடு 2-2, இதில் இரண்டும் வால்ஸ்கிஸ். அதோடு கிரெகரி விலகினார், இரு தரப்பு ஒப்புதலோடு என்று அறிவிப்பு வந்தது. ஆறு ஆட்டம், ஐந்து புள்ளி, நான்கு கோல் போட்டு பத்து வாங்கியிருந்தோம்.

டிசம்பர் 3 அன்று கோய்ல் பெயர் வந்தபோது எனக்குப் பெரிய உற்சாகம் எதுவும் இல்லை. பர்ன்லியை 2009 இல் பிளேஆஃப் வழியாக, வெம்ப்ளியில் ஷெஃபீல்ட் யுனைடெட்டை 1-0 என்று வென்று பிரீமியர் லீகுக்குக் கொண்டுபோனவர், அது பெரிய விஷயம்தான். அதற்கு முன்பே, ஆட்டக்காரராக 1995 பிளேஆஃப் ஃபைனலில் போல்டனுக்காக கோல் போட்டவர், ரெடிங்கிடம் 2-0 பின்தங்கி 4-3 என்று ஜெயித்த அந்த ஆட்டம். ஆக, நாக் அவுட் ஆட்டத்தின் சூடு அவருக்குப் புதிதில்லை. ஆனால் 2019 இல் அவர் பெயரோடு சேர்ந்து வந்தது விகான், ஹூஸ்டன், பிளாக்பர்ன், ராஸ் கவுண்டி. எங்கும் நீண்ட நாள் நிற்கவில்லை. இந்தியாவுக்குக் கடைசிக் காலத்தில் வந்து சேரும் இன்னொரு பிரிட்டிஷ் கோச் என்றுதான் பலரும் பார்த்தார்கள்.

எண்கள் சொல்வது

கோய்லின் கீழ் லீகில் 12 ஆட்டம்: 7 வெற்றி, 3 டிரா, 2 தோல்வி. 24 புள்ளி, 28 கோல் போட்டு 16 வாங்கினோம். மேலோட்டமாகப் பார்த்தால் இதற்கு மேல் பேச்சே இல்லை. ஆனால் கிரெகரி ஆதரவாளர் ஒருவர் (இன்னும் சிலர் இருக்கிறார்கள், நம்புங்கள்) எழுப்பும் எதிர்வாதம் சுலபமாகத் தள்ளிவிடக் கூடியதில்லை. கிரெகரி சந்தித்த முதல் நான்கு எதிரணிகள் கோவா, மும்பை, ஏடிகே, பெங்களூரு. அந்த சீசன் முடிவில் இவை நின்ற இடம் முறையே 1, 5, 2, 3. இதைவிடக் கடினமான தொடக்கம் அந்த ஆண்டு அட்டவணையில் யாருக்கும் கிடைத்திருக்க முடியாது. நான்காவது இடத்தில் முடித்தது நாமே என்பதால் சொல்கிறேன், மீதியிருந்த முதல் ஐந்து அணிகள் அத்தனையும் முதல் நான்கு ஆட்டத்திலேயே வந்துவிட்டன.

அதனால் நேர்மையாக ஒப்பிட ஒரே வழி, அதே எதிரணிகளோடு இரண்டு கோச்சும் என்ன செய்தார்கள் என்று பார்ப்பது. ஐஎஸ்எல்லில் ஒவ்வொரு அணியோடும் இரண்டு ஆட்டம் என்பதால் இது கச்சிதமாக அமைந்துவிட்டது. பலமான அந்த நான்கு அணிகளோடு கிரெகரி: ஒரு புள்ளி, 0 கோல் போட்டு 7 வாங்கியது. அதே நான்கோடு கோய்ல்: கோவாவிடம் 4-3 தோல்வி, பெங்களூருவோடு 0-0, கொல்கத்தாவில் ஏடிகேயை 3-1, மும்பையில் மும்பையை 1-0. ஏழு புள்ளி, 7 கோல் போட்டு 5 வாங்கியது. இதுதான் உண்மையான மாற்றம்.

இதில் ஒரு வேடிக்கை. ஹைதராபாத், ஒடிசா என்ற இரண்டு அணிகளோடும் இருவரும் ஆடினார்கள். கிரெகரி எடுத்தது 4 புள்ளி, கோய்ல் எடுத்தது 3. புவனேஸ்வரில் ஒடிசாவிடம் 2-0 என்று தோற்றது கோய்லின் அணிதான். ஆக, சின்ன அணியை நொறுக்கப் புது கோச் தேவைப்படவில்லை. பெரிய அணிகளுக்கு எதிரே பயப்படாமல் ஆடத்தான் தேவைப்பட்டார். மீதி 14 புள்ளி ஜாம்ஷெட்பூர், கேரளா, நார்த்ஈஸ்ட் மூவரிடமும் இரண்டிரண்டு ஆட்டத்தில் வந்தது, அங்கே ஒப்பிட ஆளில்லை, விட்டுவிடுவோம்.

இரண்டு பேருக்கும் இருந்த வித்தியாசம் என்ன என்று கேட்டால், நான் பார்த்த வரைக்கும், பந்து பறிபோன அடுத்த ஐந்து விநாடி. கிரெகரியின் அணி பந்தை இழந்தால் பின்வாங்கி வரிசை கட்டும். 2018 இல் அதுதான் நம் பலமாக இருந்தது, ஏனென்றால் அப்போது மைல்சன், ஹென்ரிக் செரெனோ, இனிகோ கால்டெரோன் என்று பின்னால் பாறை மாதிரி ஆட்கள், கார்னர் கிடைத்தால் கோல். 2019 இல் அந்த ஆட்கள் இல்லை, ஆனால் ஆடும் முறையில் அந்த எச்சரிக்கை மட்டும் மிச்சமிருந்தது. கோய்ல் இதைத் திருப்பிப் போட்டார். பந்து போனால் பின்னால் ஓடாதே, அங்கேயே முட்டு. சாங்டேயின் வேகம் நம் பாதியில் வீணாவதற்குப் பதில் எதிரணியின் டிஃபென்ஸுக்குப் பின்னால் செலவானது. கிரிவெல்லாரோ கோலுக்கு முப்பது கெஜத்தில் பந்து வாங்க ஆரம்பித்தார். அனிருத் தாபா பாக்ஸுக்குள் ஓட ஆரம்பித்தார். எட்வின் வான்ஸ்பாலை நடுவில் நிறுத்தியது எனக்குத் தனிப்பட்ட முறையில் பிடித்த முடிவு. சென்னை சிட்டியோடு ஐலீக் கோப்பையை வென்று அந்த வருடம்தான் இங்கே வந்திருந்தார், அவர் ஓடுகிற ஓட்டத்துக்கு ஓரத்தில் இருப்பதைவிட நடுவில்தான் வேலை அதிகம்.

இதற்கு ஒரு விலை உண்டு, அது முதல் மாதத்திலேயே தெரிந்தது. டிசம்பர் 26, சொந்த மண்ணில் கோவா. அவர்கள் 3-0 முன்னிலை, நாம் துரத்துகிறோம், 4-3 இல் முடிகிறது. பிப்ரவரி 1 கொச்சியில் கேரளாவை 6-3 என்று அடித்தோமே, கிரிவெல்லாரோ, வால்ஸ்கிஸ், சாங்டே ஆளுக்கு இரண்டு கோல், அதே ஆட்டத்தில் கேரளாவின் ஓக்பெச்சே நமக்கு எதிராக ஹாட்ரிக் போட்டார். பின்னால் கதவு திறந்தே இருந்தது. ஆனால் டிசம்பரில் கடைசிக்குப் பக்கத்தில் இருக்கிற அணிக்கு 1-1 டிராக்களால் பயனில்லை, வெற்றி தரும் மூன்று புள்ளி வேண்டும், அதனால் அந்த அபாயம் கணக்குப்படி சரியாகவே இருந்தது என்பேன். கோய்ல் இதை எவ்வளவு யோசித்துச் செய்தார், எவ்வளவு அவருடைய இயல்பு என்பது வேறு கேள்வி. அவர் அணிகள் எங்கும் அப்படித்தான் ஆடும்.

பிப்ரவரி 21, மும்பை. மும்பைக்கு அது கடைசி லீக் ஆட்டம், 26 புள்ளியோடு நிற்கிறார்கள், நாம் 25. அப்போது முதல் நான்கு அணிகளுக்குத்தான் பிளேஆஃப், அதாவது கோப்பைக்கான செமிஃபைனல்; ஜெயிப்பவர் நான்காவது இடம் என்ற நிலை. கோல் போட்டது யார்? முந்தைய சீசன்களில் மும்பையின் கேப்டனாக இருந்த கோயான். இதெல்லாம் யாராவது எழுதிக்கொடுத்தால் நம்ப மாட்டோம். 1-0, பிளேஆஃப் உறுதி. 29 புள்ளியோடு லீகை முடித்தோம்.

கோவாவும் கோச்சை மாற்றியது

இந்தப் பகுதியை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை, எனக்கு இதுதான் முழுக் கதையின் முக்கியமான பாதி. செமிஃபைனலில் நம் எதிரே வந்த எஃப்சி கோவாவும் அந்த சீசன் நடுவில் கோச்சை மாற்றிய அணிதான். ஆனால் காரணமே வேறு. ஜனவரி கடைசியில் செர்ஜியோ லொபேராவை அனுப்பினார்கள், அப்போது கோவா அட்டவணையின் உச்சிக்குப் போட்டியிட்டுக்கொண்டிருந்தது. இந்தியாவில் பார்க்கவே அழகான கால்பந்து ஆடியது அந்த அணிதான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை (ஒரு சென்னை ரசிகனாக இதை எழுதக் கை கூசுகிறது). கிளிஃபோர்ட் மிராண்டா இடைக்காலப் பொறுப்பேற்றார், அவர்கள் தொடர்ந்து ஜெயித்தார்கள், ஜாம்ஷெட்பூரில் 5-0 என்று அடித்து 39 புள்ளியோடு, லீகில் முதலிடம் பிடிப்பவருக்கான லீக் ஷீல்டை எடுத்தார்கள். ஆசிய அளவிலான ஏஎஃப்சி சாம்பியன்ஸ் லீக் குரூப் கட்டத்துக்குத் தகுதிபெற்ற முதல் இந்திய கிளப்.

ஆக, ஒரு பக்கம் உடைந்துபோன அணிக்கு வந்த புது கோச், இன்னொரு பக்கம் நன்றாக ஓடிய அணியிடமிருந்து பிடுங்கப்பட்ட கோச். லீகில் இருவருக்கும் பத்து புள்ளி வித்தியாசம்.

பிப்ரவரி 29, நேரு ஸ்டேடியம், செமிஃபைனலின் முதல் லெக் (இரண்டு ஆட்டத்தின் மொத்த கோல் கணக்கில்தான் முடிவு). முதல் பாதி 0-0. இரண்டாம் பாதியில் கோவா பின்னாலிருந்து பந்தை எடுத்துவரும் இடத்திலேயே நம் ஆட்கள் போய் மொய்த்தார்கள். கோயான், தாபா, எலி சாபியா, சாங்டே, 54 ஆம் நிமிடத்திலிருந்து 79 க்குள் நான்கு கோல். கடைசியில் சேவியர் காமா ஒன்று போட்டுக் கோவாவுக்கு உயிர் கொடுத்தார். 4-1. பந்தை வைத்துக்கொண்டு பழகிய அணியை நெருக்கினால் திணறும் என்பது எல்லாருக்கும் தெரியும், ஆனால் 18 ஆட்டத்தில் 46 கோல் போட்ட அணியிடம் போய் அதைச் செய்ய ஒரு துணிச்சல் வேண்டும். அக்டோபரில் இதே கோவாவிடம் 3-0 வாங்கிய அதே ஆட்கள்!

லொபேரா இருந்திருந்தால் அந்த 25 நிமிடத்தில் ஏதாவது மாற்றியிருப்பாரா? எனக்குத் தோன்றுவது, லீகில் ஓடிக்கொண்டிருக்கிற வண்டியை யார் வேண்டுமானாலும் சில வாரம் ஓட்டலாம், ஆட்டக்காரர்களுக்குப் பழகிய பாதை இருக்கிறது. இரண்டு லெக் நாக் அவுட்டில் கோல் சரசரவென்று விழும்போது பெஞ்சில் இருப்பவரின் அனுபவம் வேலை செய்கிறது. இதற்கு என்னிடம் நிரூபணம் கிடையாது, ரசிகனின் கணிப்பு.

மார்ச் 7, கோவாவின் ஃபடோர்டா மைதானம், இரண்டாம் லெக். பத்தாவது நிமிடத்தில் கோயான் ஓன் கோல். 21 இல் முர்தாதா ஃபால். மொத்தக் கணக்கு 4-3 ஆகிவிட்டது, இன்னும் எழுபது நிமிடம் பாக்கி. வீட்டில் டிவி முன்னால் யாரும் யாரோடும் பேசவில்லை. வேறு எந்த கோச்சாக இருந்தாலும் அந்த இடத்தில் பஸ்ஸை நிறுத்தியிருப்பார், அதாவது எல்லாரையும் டிஃபென்ஸுக்கு இழுத்திருப்பார். கோய்ல் நிறுத்தவில்லை, நிறுத்தத் தெரியாது என்றும் சொல்லலாம். இரண்டாம் பாதி தொடங்கியதும் சாங்டே, அடுத்த ஏழு நிமிடத்தில் வால்ஸ்கிஸ், 6-3. அப்புறமும் விட்டார்களா? எடு பேடியா, மறுபடி ஃபால், 81, 83 ஆம் நிமிடங்களில். 6-5. கடைசி பத்து நிமிடம் நான் பார்த்தேன் என்று சொல்ல முடியாது. அந்த ஆட்டத்தில் நாம் 4-2 என்று தோற்றோம், ஃபைனலுக்குப் போனோம். முதல் லெக்கின் நான்கு கோல் காப்பாற்றியது.

நியாயமா இது என்று கோவா ரசிகர் கேட்டால் என்னிடம் நல்ல பதில் இல்லை. நான்கு மாதம் உழைத்து நம்மைவிடப் பத்து புள்ளி கூடுதலாக எடுத்த அணி, எட்டு நாளில் ஒரு கோலில் வெளியே. ஆனால் சீசன் தொடங்கும்போதே எல்லாருக்கும் விதி தெரியும், ஷீல்டு அவர்களுக்குத்தான் போனது, ஆசியாவுக்குப் போனதும் அவர்கள்தான். கோப்பைக்கு நாங்கள் முயன்றோம், அவ்வளவுதான்.

யாரும் இல்லாத ஃபைனல்

மார்ச் 14. அதே ஃபடோர்டா, 2015 இல் கோவாவைக் கடைசி நிமிடங்களில் 3-2 என்று கவிழ்த்து நாம் முதல் கோப்பை எடுத்த மைதானம். கொரோனா காரணமாக ரசிகர் யாருக்கும் அனுமதியில்லை. எதிரே ஏடிகே, கோச் அன்டோனியோ லோபஸ் ஹபாஸ், 2014 இல் முதல் ஐஎஸ்எல் கோப்பையை வென்றவர், சீசன் முழுக்க அணியை நடத்தியவர். நான்கு வாரம் முன்பு கொல்கத்தாவில் நாம் 3-1 என்று வென்ற அணி.

தொடக்கத்திலேயே வால்ஸ்கிஸ் அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. பத்தாவது நிமிடத்தில் ராய் கிருஷ்ணா கொடுத்த பந்தை ஹாவி ஹெர்னாண்டஸ் காற்றிலேயே அடித்தார், 1-0. இடைவேளை முடிந்து மூன்றே நிமிடத்தில் எடு கார்சியா, 2-0. 69 இல் வால்ஸ்கிஸ் ஒன்று போட்டார், நம்பிக்கை வந்தது, நெருக்கினோம், ஏடிகே கோல்கீப்பர் அரிந்தம் பட்டாச்சார்யா நின்றார். இஞ்சுரி டைமில் எல்லாரும் முன்னால் போயிருக்க, ஹாவி இரண்டாவது கோல். 3-1.

ஹபாஸ் செய்தது ரொம்ப எளிமை: மூன்று டிஃபெண்டர்களை வைத்து, பந்தை நம்மிடமே விட்டு, நாம் முன்னால் வந்ததும் பின்னால் இருக்கிற வெற்றிடத்தில் அடித்தார். டிசம்பர் 26 அன்று கோவா காட்டிய அதே வெற்றிடம். கிருஷ்ணா காயத்தோடு வெளியே போன பிறகும் அது அடைபடவில்லை. எந்த ஆட்டமுறை நம்மை ஒன்பதாம் பத்தாம் இடத்திலிருந்து தூக்கிவந்ததோ அதுவே ஃபைனலில் மாட்டிவிட்டது. கோய்ல் மீது எனக்குக் கோபம் உண்டா? கொஞ்சம் உண்டு. 2-0 க்கு முன்னால், அந்த முதல் பாதியில், ஒரு கோல் பின்தங்கியது ஒன்றும் பெரிதில்லை, கொஞ்சம் பொறுத்திருக்கலாம். ஆனால் பொறுத்திருக்கிற கோச்சாக இருந்திருந்தால் நாங்கள் அங்கே வந்தே இருக்கமாட்டோம். வால்ஸ்கிஸ் 15 கோலோடு, அதிக கோலுக்கான கோல்டன் பூட் வாங்கினார், கிருஷ்ணாவும் ஓக்பெச்சேயும் அதே 15.

அதற்கப்புறம் நடந்ததுதான் தவறு

ஃபைனல் தோல்வி போகட்டும். அந்தக் கோடையில் கோய்ல் ஜாம்ஷெட்பூருக்குப் போனார், வால்ஸ்கிஸும் பின்னாலேயே போனார். பணமா, ஒப்பந்தக் காலமா, பேச்சுவார்த்தை உள்விவகாரம் வெளியே இருப்பவருக்குப் புரியாது. ஆனால் பார்வைக்கு ஒன்று தெளிவு: கடைசி இடத்தில் முடித்த கோச்சுக்கு இன்னொரு சீசன் கொடுத்த கிளப், ஃபைனலுக்குக் கொண்டுபோன கோச்சைத் தக்கவைக்கவில்லை. ஜாம்ஷெட்பூர் இரண்டாவது சீசனில், 2021-22 இல், 43 புள்ளியோடு லீக் ஷீல்டை வென்றது. செமிஃபைனலில் கேரளாவிடம் மொத்தம் 2-1 என்று தோற்றது, அதே கோய்ல், இந்த முறை ஷீல்டு கையில், பிளேஆஃபில் வெளியே. 2020 கோவாவின் நிலைமை அவருக்கே வந்தது.

இங்கே சென்னையில் சாபா லாஸ்லோ, எட்டாவது இடம். போஜிதார் பாண்டோவிச், சீசன் முடியும் முன்பே போய்விட்டார், சபீர் பாஷா மீதியைப் பார்த்துக்கொண்டார். தாமஸ் பிர்டாரிச், மறுபடி எட்டாவது இடம். மூன்று வருடத்தில் மூன்று பேர், மூன்று நாட்டு ஆட்டமுறை, ஒவ்வொருவரும் வரும்போது முந்தையவரின் ஆட்களில் பாதி வேண்டாம் என்றாகும். 2019 டிசம்பரில் கோச் மாற்றம் பலித்ததற்குக் காரணம் ஆட்களை யாரும் கலைக்காததே என்று நான் சொல்வது இந்த மூன்று வருடத்தைப் பார்த்த பிறகுதான்.

2023 இல் கோய்ல் திரும்பிவந்தார், கிரிவெல்லாரோவும் வந்தார். முதல் சீசனில் ஆறாவது இடம், 2020 க்குப் பிறகு முதல் பிளேஆஃப், ஏப்ரல் 20 அன்று ஃபடோர்டாவில் கோவாவிடம் 2-1 தோல்வி. அடுத்த சீசனில் பதினொன்றாவது இடம், பிறகு பிரிந்தார்கள். இந்த முறை அவர் கையில் வேறொருவர் கட்டிவைத்த அணி இல்லை, தானே ஆள் எடுக்க வேண்டியிருந்தது, அங்கேதான் சறுக்கியது என்பது என் கணக்கு. பிர்டாரிச் காலத்திலிருந்து மிச்சமிருந்தவர்களில் ஒரு கிரிவெல்லாரோ, ஒரு வால்ஸ்கிஸ் கிடையாது. கிரெகரி கோடையில் எடுத்துவைத்த ஆட்கள் எவ்வளவு பெரிய சொத்து என்று கோய்லுக்கே அப்போதுதான் தெரிந்திருக்கும்.